காந்தியின் அணுகுண்டுக் கதையை நம்பி ஏமாந்தேன். உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

எட்டுபிட்:

நான் நிரல் எழுதிப் பிழைக்கிறவன். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு, ஒரு பைட்டில், அதாவது கணினி ஓர் எண்ணைப் போட்டு வைக்கிற சின்ன அறையில், 0 முதல் 255 வரைதான் கொள்ளும், 0க்குக் கீழே இறங்கினால் சுற்றிக்கொண்டு 255க்குப் போய்விடும் என்று விளக்கும்போதெல்லாம் காந்தி கதையைத்தான் சொல்வேன். தெரியாதவர்களுக்காக: நாட்டை வளர்த்து ஆளுகிற கணினி விளையாட்டு சிவிலைசேஷன். 1991இல் வந்த அதன் முதல் பாகத்தில், தலைவர்களில் ஒருவரான காந்தியின் மூர்க்கத்துக்கு 1 மதிப்பெண் கொடுத்திருந்தார்களாம். அவர் நாடு ஜனநாயகத்துக்கு மாறியதும் அதில் 2 குறையுமாம். அது சுற்றிக்கொண்டு 255 ஆகி, மனுஷன் அக்கம்பக்கத்து நாடுகள் மேலெல்லாம் அணுகுண்டு போடக் கிளம்பிவிடுவாராம். எவ்வளவு அழகான பிழை! ஆறேழு வருஷமாக எனக்குக் கைதட்டல் வாங்கித் தந்த கதை.

போன மாதம் ஒரு பையன், ரொம்ப மரியாதையாக, "சார், அது நடக்கவே இல்லையாம்" என்று ஒரு சுட்டி அனுப்பினான். விளையாட்டை உருவாக்கிய சிட் மையரே, 2020இல் வெளிவந்த தன் நினைவுக்குறிப்பில் அப்படியொரு பிழை இருந்ததே இல்லை என்று எழுதிவிட்டார். இரண்டாம் பாகத்தை வடிவமைத்த பிரையன் ரெனால்ட்ஸ் சொன்னது அதைவிட மோசம். முதல் விளையாட்டில் மூர்க்கத்துக்கு மொத்தமே மூன்று படிகள்தானாம். தலைவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பேர் காந்தியோடு அதே கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார்களாம். காந்திக்கு வேண்டுமென்றே அணுகுண்டு ஆசையை ஏற்றி வைத்தது 2010இல் வந்த ஐந்தாம் பாகத்தில், அதுவும் வேடிக்கைக்காக: பத்துக்குப் பன்னிரண்டு! 255 கதை இணையத்தில் தலைகாட்டியது அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான்.

இதில் எனக்கு உறுத்துவது என்னவென்றால், பள்ளி நாட்களில் அந்தப் பிழையை நானே கண்ணால் பார்த்ததாக வேறு பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். பொய் சொல்லவில்லை. நிஜமாகவே பார்த்த மாதிரி ஞாபகம் இருந்தது!

சரி, போன மானம் போகட்டும். வரலாற்று விளையாட்டு, பாட்காஸ்ட், தொடர் எதுவானாலும் சரி, நீங்கள் நம்பி ஏமாந்தது எது? 'சும்மா அடித்துவிடுகிறார்கள்' என்று நினைத்து, தேடிப் பார்த்தால் உண்மையாகிப் போனது எது? பட்டியல் போட வேண்டாம். ஒன்றே ஒன்று, ஆனால் விவரமாக.

கவசக்காரன்:

கிங்டம் கம்: டெலிவரன்ஸ், 2018இல் வந்த முதல் பாகம். 1403, பொஹீமியா, இன்றைய செக் நாட்டுப் பக்கம். நீங்கள் ஹென்றி என்கிற கொல்லர் மகன். ஹங்கேரி ராஜா சிகிஸ்மண்டின் படை ஊரைக் கொளுத்திவிடுகிறது, தப்பித்து ஓடுகிறீர்கள். இந்த மாதிரித் தொடக்கம் நூறு விளையாட்டில் பார்த்ததுதான். என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று.

எங்கேயோ ஒரு புத்தகம் கிடைத்தது. ஆசையாகத் திறந்தால் எழுத்தெல்லாம் இடம் மாறிக் குழம்பிக் கிடக்கிறது. கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து விளையாட்டை அழித்து, முழுதாகத் திரும்ப இறக்கினேன். அன்றைக்கு ராத்திரி பூராவும் அதிலேயே போயிற்று. மறுபடி திறந்தால் அதே குழப்பம்! அப்புறம்தான் உறைத்தது: ஹென்றிக்குப் படிக்கத் தெரியாது. கொல்லன் மகனுக்கு அந்தக் காலத்தில் யார் எழுத்து சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? உஜிட்ஸ் என்ற ஊரில் ஒரு எழுத்தர் இருக்கிறார். அவரிடம் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றதும் எல்லாம் தெளிந்துவிடாது. பாதிச் சொல் புரியும், பாதி புரியாது, படிக்கப் படிக்கத்தான் தெளியும். எழுத்தறிவில்லாத உலகம் எப்படி இருக்கும் என்று எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இவ்வளவு எரிச்சலோடு புரியவைத்ததில்லை.

கவசமும் அப்படித்தான். முதலில் பஞ்சடைத்துத் தைத்த சட்டை, அதன்மேல் வளையச் சட்டை, அதன்மேல் தகடு. முகமூடியை இறக்கினால் திரையில் ஒரு கீற்றுதான் தெரியும். எதிரே நிற்கிறவனைத் தேட வேண்டியிருக்கும்.

வாரிசுப்_பிரச்சினை:

என்னுடையது ஏமாந்த கதையும் இல்லை, உண்மையாகிப் போன கதையும் இல்லை. விளையாட்டின் விதி தோற்று வரலாறு ஜெயித்த கதை.

க்ரூசேடர் கிங்ஸ் 3, ஒரு ராஜ வம்சத்தைத் தலைமுறை தலைமுறையாக நடத்துகிற விளையாட்டு. 1066இல் தொடங்கிச் சோழரை எடுத்தேன். மகளை நல்ல இடமாகப் பார்த்துக் கட்டிக்கொடுத்தேன். மகன் நோயில் போய்விட்டான். அப்புறம் ராஜாவும் போனார். பட்டம் மகள்வயிற்றுப் பேரனுக்கு வந்தது, நான் நிம்மதியாக மூச்சு விட்டேன், விளையாட்டு முடிந்தது என்று அறிவிப்பு வந்தது! பிள்ளை அப்பா வம்சமாம். என் வம்சத்தில் வாரிசே இல்லையாம். கல்யாணம் முடிக்கும்போதே பிள்ளைகள் அம்மா வம்சத்தில் சேருகிற தாய்வழித் திருமணம் என்று தேர்வு செய்திருக்க வேண்டும். அந்தச் சின்னப் பெட்டியை யார் பார்த்தார்கள்?

கோபத்தில் உண்மையில் என்ன நடந்தது என்று புரட்டினால், அச்சு அசலாக இதுவேதான் நடந்திருக்கிறது. 1070இல் பட்டமேறிய முதலாம் குலோத்துங்கன், ராஜேந்திர சோழனின் மகள் அம்மங்கையின் பிள்ளை. அப்பா வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கியர் ராஜராஜ நரேந்திரன். விளையாட்டின் விதிப்படி சோழர் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். அவரோ சோழர் என்றே ஆண்டார், ஏறக்குறைய ஐம்பது வருஷம். வம்சம் அதற்குப் பிறகும் 1279 வரை ஓடியது. வம்சம் என்பது ரத்தம் மட்டுமல்ல, யார் எந்தப் பெயரைச் சூடிக்கொள்கிறார்கள் என்பதும்தான். அதைச் சொல்ல அந்த விளையாட்டில் ஒரு பொத்தானும் இல்லை.

பாதி_நூலகர்:

ரோம் தொலைக்காட்சித் தொடர், 2005இல் வந்தது. புல்லோ, வொரீனஸ் என்கிற இரண்டு சிப்பாய்களும் கதைக்காகச் செய்த பொம்மைகள் என்றே நினைத்திருந்தேன். சீசரே தன் காலியப் போர்க் குறிப்பில் இருவரையும் பேர் சொல்லி எழுதியிருக்கிறார், ஐந்தாம் புத்தகத்தில். யார் பெரியவன் என்று ஓயாமல் போட்டி போடுகிற இருவர். புல்லோ மதிலைத் தாண்டிப் பாய்கிறார், ஓர் ஈட்டி வந்து வாளுறையைத் திருப்பிவிட, வாளை உருவ முடியாமல் தடுமாறுகிறார். வொரீனஸ் ஓடிப்போய்க் காப்பாற்றுகிறார். அடுத்த நிமிஷம் வொரீனஸ் ஒரு பள்ளத்தில் விழ, புல்லோ காப்பாற்றுகிறார். ஒரே திருத்தம்: சீசர் கணக்கில் இருவருமே செஞ்சூரியன்கள், அதாவது சிப்பாய்க் கூட்டத்துக்குத் தலைவர்கள். தொடர்தான் புல்லோவைச் சாதாரணச் சிப்பாயாக இறக்கிவிட்டது.

காதுவழி:

விளையாடத் தெரியாதவளுக்கும் இடம் உண்டா? பாத்திரம் கழுவும்போது கேட்கிற ஆள் நான்.

மைக் டங்கனின் ஹிஸ்டரி ஆஃப் ரோம் பாட்காஸ்ட் 2007இல் தொடங்கி 2012இல் முடிந்தது. முதல் சில பகுதிகளின் ஒலியைக் கேட்டால் டப்பாவுக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டுங்கள். அவர் 476இல் நிறுத்தினார். நிறுத்திய இடத்திலிருந்து ராபின் பியர்சன் என்பவர் பைசாண்டியத்தை, அதாவது கிழக்கு ரோமப் பேரரசை, கையில் எடுத்துக்கொண்டார், ஓட்டப்பந்தயத்தில் கோல் கைமாறுவது போல.

நான் ஏமாந்தது, 1986 அணு உலை விபத்தைப் பற்றிய செர்னோபில் தொடரில். அதன் கடைசிப் பகுதியில் விஞ்ஞானி லெகசோவ் நீதிமன்றத்தில் சிவப்பு அட்டையும் நீல அட்டையும் வைத்து உலை வெடித்ததை விளக்குவாரே, அதை மூன்று முறை பார்த்தேன். உண்மையில் அவர் அந்த விசாரணைக்கு வரவே இல்லை. கோமியுக் என்ற பெண் விஞ்ஞானியும் கற்பனை, பல விஞ்ஞானிகளைச் சேர்த்து ஒருவராக்கியது. இதெல்லாம் எனக்குத் தெரிந்ததே தொடரோடு வந்த பாட்காஸ்டால்தான். எழுதிய கிரெய்க் மேசினே உட்கார்ந்து, இது நடந்தது, இது நான் சேர்த்தது என்று பகுதி பகுதியாகப் பிரித்து வைக்கிறார். எல்லாத் தொடருக்கும் இப்படி ஒன்று இருந்தால் நாம் ஏன் இங்கே புலம்பப் போகிறோம்?

எட்டுபிட்:

கவசக்காரன், முழுதாகத் திரும்ப இறக்கினீர்களா! அந்த ஒரு வரிக்காகவே இன்று ராத்திரி வாங்குகிறேன். காதுவழி, நீங்கள் சொன்னதைக் காலை நடையில் ஆரம்பித்துவிட்டேன். டப்பா என்றது குறைத்துச் சொன்னது.

அடுத்த வாரம் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். 255க்கு வேறு உதாரணம் வேண்டும். பாக்மேன் என்கிற பழைய விளையாட்டில் 256ஆம் கட்டத்துக்குப் போனால் பாதித் திரை குப்பையாகிவிடும் என்பார்களே, அதாவது நிஜமா? இந்த முறை சொல்வதற்கு முன்பே கேட்டுவிடுகிறேன்.

கவசக்காரன்:

நிஜம். வலது பாதி. கட்டத்தை எண்ணுகிற இடம் ஒரே ஒரு பைட்தான், நிரம்பி 0 ஆகிவிடுகிறது. கீழே பழங்களை வரைய வேண்டிய நிரல் குழம்பிப்போய் 256 பழம் வரையப் பார்க்கும். தைரியமாகச் சொல்லுங்கள். ஆனால் நீங்களே அந்தக் கட்டம் வரை விளையாடிப் பார்த்ததாக மட்டும் சொல்லாதீர்கள்.