டென்டல் நர்ஸ் பயிற்சி: அப்ரண்டிஸ்ஷிப்பா, சொந்தக் காசில் டிப்ளோமாவா?

லெஸ்டர்வாசி:

வணக்கம். லெஸ்டரில் இருக்கிறோம், இங்கிலாந்துக்கு வந்து 2 வருஷம். கணவரின் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் டிபென்டன்ட். வயது 29. பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி படித்தது தமிழ்நாட்டில். பல் மருத்துவ வேலை அனுபவம் எதுவும் கிடையாது.

டென்டல் நர்ஸ் ஆகலாம் என்று தேடினால் தலை சுற்றுகிறது. அப்ரண்டிஸ்ஷிப் (வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி) என்கிறார்கள், என்.இ.பி.டி.என். (டென்டல் நர்ஸ்களுக்கான தேர்வு வாரியம்) டிப்ளோமா என்கிறார்கள், சிட்டி அண்ட் கில்ட்ஸ் (தொழிற்படிப்புச் சான்றிதழ் தரும் வாரியம்) என்கிறார்கள். இன்னொரு தளத்தில் "லெவல் 3 டென்டல் நர்சிங், முழுக்க ஆன்லைன், வீட்டிலிருந்தே சான்றிதழ்" என்று 100 பவுண்டுக்கும் கீழே போட்டிருக்கிறது.

1. இதில் எது எனக்குச் சரிவரும்?
2. கோர்ஸை முடித்துவிட்டு வேலை தேடுவதா, வேலை கிடைத்த பிறகு கோர்ஸில் சேர்வதா?
3. பி.டி.எஸ். படித்த தோழி ஒருத்தியும் இங்கே இருக்கிறாள். அவள் நேரடியாக டென்டல் நர்ஸாகப் பதிவு செய்துகொள்ளலாமா?

நாற்காலி ஓரம்:

இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரிந்தால் முதல் கேள்வி பாதி தீர்ந்துவிடும், அதனால் அங்கிருந்தே வருகிறேன். முதலில் வேலை, பிறகுதான் கோர்ஸ்.

2008 ஜூலை முதல், பல் மருத்துவத் துறையை ஒழுங்குபடுத்தும் ஜெனரல் டென்டல் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இல்லாமல் யாரும் இங்கே டென்டல் நர்ஸாக வேலை செய்ய முடியாது. அந்தப் பெயரே சட்டப் பாதுகாப்புள்ள பட்டம். இதில் பயிற்சியில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. கவுன்சில் ஏற்றுக்கொண்ட கோர்ஸில் சேர்ந்திருக்க வேண்டும், அல்லது சேர்ந்து தொடக்க நாளுக்குக் காத்திருக்க வேண்டும். கூடவே, பதிவு பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் வேலையிலும் இருக்க வேண்டும்.

என்.இ.பி.டி.என்., சிட்டி அண்ட் கில்ட்ஸ், அப்ரண்டிஸ்ஷிப் எல்லாவற்றுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்றுதான்: நிஜ நோயாளி, நிஜ சர்ஜரி (பல் மருத்துவர் கிளினிக்கை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்), நீங்கள் செய்த வேலையைப் பார்த்துக் கையெழுத்துப் போட ஒரு சாட்சி. வேலை இல்லாமல் பாடத்தை மட்டும் படித்தால், அந்தக் கையெழுத்துகளைச் சேர்க்கும் அனுபவப் பதிவேடு காலியாகவே கிடக்கும், தேர்வு எழுத விடமாட்டார்கள். வேலை இல்லாமல் நேரே சேர நினைத்தால் பல்கலைக்கழக வழி ஒன்று உண்டு. போர்ட்ஸ்மத்தில் இருக்கும் சர்ட்டிஃபிகேட் ஆஃப் ஹையர் எஜுகேஷன் அந்த வகை. நோயாளிகளோடு செய்யும் பயிற்சியையும் அவர்களே ஏற்பாடு செய்துவிடுவார்கள். ஆனால் முழுநேரப் படிப்பு, பல்கலைக்கழகக் கட்டணம், அதுவும் லெஸ்டரிலிருந்து போக வேண்டும். உங்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

அந்த 100 பவுண்ட் கோர்ஸைத் தொடவே வேண்டாம். "சி.பி.டி. அங்கீகாரம்" என்று முத்திரை குத்தியிருக்கும். தொடர்கல்வி மணிநேரத்துக்கு அது ஆகலாம், பதிவுக்கு ஆகாது. "லெவல் 3" என்ற சொல்லும் எதையும் நிரூபிக்காது. எந்தக் கோர்ஸாக இருந்தாலும் சான்றிதழில் வரப்போகும் முழுப் பெயரை எழுத்துமூலம் கேட்டு வாங்கி, கவுன்சிலின் தளத்தில் உள்ள அங்கீகாரப் பட்டியலில் அதே பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சொல் மாறியிருந்தாலும் பணம் கட்டுவதற்கு முன் கவுன்சிலுக்கே மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

வேலைக்கு நேர்காணல் போகும்போது கோர்ஸைவிட சர்ஜரியைத்தான் துருவ வேண்டும். என்னென்ன சிகிச்சை நடக்கிறது? பல் கம்பி மட்டும் போடும் ஆர்த்தடான்டிக் இடமாக இருந்தால் பல் பிடுங்குவது, வேர் சிகிச்சை, பல்செட் எதுவும் கண்ணில் படாது. அனுபவப் பதிவேட்டில் அந்தப் பக்கங்களை நிரப்ப வேறு சர்ஜரிக்கு நாள்கணக்கில் போய்வர வேண்டியிருக்கும், அதற்கு முதலாளி சம்மதிக்க வேண்டும். ஜெனரல் ப்ராக்டிஸ்தான் பயிற்சிக்கு நல்லது. வாரத்தில் எத்தனை மணி நேரம் நோயாளியின் நாற்காலி ஓரம், எத்தனை மணி நேரம் ரிசப்ஷன், எத்தனை மணி நேரம் கருவி கழுவும் அறை என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாக வருபவரை நாள் முழுக்கக் கருவி கழுவவே விட்டுவிடும் இடங்கள் நிறைய.

இன்னொன்று. "மூன்று மாதம் பார்க்கலாம், அப்புறம் கோர்ஸில் சேர்த்துவிடுகிறோம்" என்று வாயால் சொன்னால் போதாது. எந்தக் கோர்ஸ், எந்தத் தேதியில் சேர்க்கை, கட்டணம் யார் பொறுப்பு என்று ஆஃபர் லெட்டரிலேயே வரவேண்டும். சேர்க்கை இல்லாமல் காத்திருப்பில் இருக்கும் ஆள் கவுன்சில் கண்ணில் பயிற்சியாளர் அல்ல.

வடலி:

மேலே சொன்னதெல்லாம் சரி. காசு விஷயத்தை ஒருத்தரும் கதைக்கேல்லை, அதை நான் சொல்லுறன்.

அப்ரண்டிஸ்ஷிப் எண்டால் கோர்ஸ் கட்டணம் உங்களுக்கு இல்லை. அதைக் கேட்டவுடனே எல்லாரும் அங்கேதான் ஓடுகினம். ஆனால் 19 வயசுக்கு மேற்பட்ட ஆளுக்கும் முதல் வருஷம் அப்ரண்டிஸ் சம்பளம் மட்டும் குடுக்கச் சட்டம் இடம் குடுக்குது. 2025 ஏப்ரலில் வந்த கணக்குப்படி அது மணிக்கு 7.55 பவுண்டா இருந்தது. 21 வயசு தாண்டின சாதாரண ட்ரெய்னிக்கு அப்ப 12.21. கிழமைக்கு 35 மணித்தியாலம் வேலை செய்தால் ஒண்டில் 264 பவுண்டும் சொச்சமும், மற்றதில் 427 பவுண்டும் சொச்சமும். கிழமைக்கு 163 பவுண்ட் வித்தியாசம். சில மாசத்திலேயே அந்த வித்தியாசம் டிப்ளோமாக் கட்டணத்தைத் தாண்டிப் போயிடும். "இலவசம்" எண்ட சொல்லுக்கு விலை அதுதான். சில முதலாளிமார் அப்ரண்டிஸுக்கும் கூடக் குடுப்பினம், அதைக் கேட்டுப் பாருங்கோ. ஒவ்வொரு ஏப்ரலும் இந்தத் தொகை மாறும், சேர்கிற வருஷத்துக் கணக்கைப் பாருங்கோ.

உங்களுக்கு இதைவிடப் பெரிய தடை ஒண்டு இருக்கு. இங்கிலாந்தில் அப்ரண்டிஸ்ஷிப்புக்கு அரசாங்கக் காசு கிடைக்க, உங்கட மாதிரி விசாவில் இருக்கிற ஆள் தொடங்கிற நாளுக்கு முன்னம் 3 வருஷம் இங்க வசித்திருக்க வேணும். நீங்கள் வந்து 2 வருஷம் எண்டு எழுதியிருக்கிறீங்கள். சில ட்ரெய்னிங் கம்பனிகள் இதைப் பாராமல் பெயரைப் பதிஞ்சு, பிறகு விசாப் பேப்பர் கேட்கேக்கதான் முழிப்பினம். முதல் போன் அழைப்பிலேயே இதைச் சொல்லிப்போடுங்கோ. சொந்தக் காசிலயோ முதலாளியின்ர காசிலயோ டிப்ளோமா செய்யிறதுக்கு இந்த 3 வருஷ விதி குறுக்க வராது.

முதலாளி கட்டணம் கட்டுறன் எண்டால் ஒப்பந்தத்தில் "இடையில் விட்டால் திருப்பித் தரவேணும்" எண்டு ஒரு பந்தி இருக்கும். இருக்கிறது பிழையில்லை. பாஸான பிறகு எவ்வளவு காலம் நிக்கவேணும், மாசம் போகப் போகத் தொகை குறையுதா, அவையே உங்களை நிப்பாட்டினால் என்ன நடக்கும் எண்ட மூண்டையும் வாசியுங்கோ. வேலைக்குக் கட்டாயமான பயிற்சியின்ர செலவை மாசாமாசம் சம்பளத்தில் பிடிச்சு, குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே இறக்க ஏலாது.

மூன்றரை மில்லிமீட்டர்:

அப்ரண்டிஸ்ஷிப் கழிந்தால் மிச்சம் என்.இ.பி.டி.என்.-ஆ, சிட்டி அண்ட் கில்ட்ஸா என்பதுதான். இரண்டிலும் கிடைக்கும் பதிவு ஒன்றே. வேலைக்கு எடுப்பவர் கவுன்சில் எண்ணைத்தான் பார்ப்பார். வித்தியாசம் உங்களை எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

என்.இ.பி.டி.என்.-இல் அனுபவப் பதிவேடு, எழுத்துத் தேர்வு, ஆஸ்கி என்று மூன்று. ஆஸ்கி என்பது நிலையம் நிலையமாக நகரும் செய்முறைத் தேர்வு. ஒரு நிலையத்தில் கருவியை அடையாளம் காட்டச் சொல்வார்கள், இன்னொன்றில் பல் சார்ட் எழுத, இன்னொன்றில் நோயாளி வேடத்தில் இருப்பவரிடம் பல் பிடுங்கிய பிறகு என்ன செய்ய வேண்டும் என்று விளக்க. தேர்வுக் காலம் முன்கூட்டியே குறித்தது. தவறினால் அடுத்த சுற்றுக்கு மாதக்கணக்கில் காத்திருப்பு.

சிட்டி அண்ட் கில்ட்ஸில் போர்ட்ஃபோலியோதான் முதுகெலும்பு. அசெஸர் வேலையிடத்தில் உங்களைக் கவனிப்பார், நீங்கள் செய்ததை எழுதி ஏற்ற வேண்டும், அதோடு அசைன்மென்ட்டும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வும். பரீட்சை பயம் உள்ளவர்களுக்கு நல்லது. ஆனால் எழுதுவது மலைபோல் சேரும். வாரம் ஒரு பதிவு ஏற்றாதவர்கள் இரண்டாவது வருஷத்தில் போன வருஷத்து நோயாளியை நினைவுபடுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

நம்மூரில் பட்டம் வாங்கியவர்கள் பெரும்பாலும் பரீட்சைக்குப் பழகியவர்கள். பயோகெமிஸ்ட்ரி படித்த உங்களுக்கு எழுத்துத் தேர்வு பாரமில்லை, அதனால் என் ஓட்டு என்.இ.பி.டி.என்.-க்கு. கவிழ்ப்பது ஆஸ்கிதான், அதுவும் பேசும் நிலையங்கள். "ஹெமரேஜ்", "சாக்கெட்" என்று நோயாளியிடம் பேசினால் மதிப்பெண் போகும். பஞ்சை 15, 20 நிமிஷம் இறுகக் கடித்திருங்கள், 24 மணி நேரம் வாய் கொப்பளிக்காதீர்கள், புகைக்காதீர்கள், ரத்தம் நிற்காவிட்டால் இந்த எண்ணுக்கு அழையுங்கள், அவ்வளவு எளிய ஆங்கிலம் போதும். கையைச் சுத்தம் செய்யாமல் தொடங்குவது, நோயாளியின் பெயரைச் சரிபார்க்காமல் விடுவது இரண்டும் சிறிய விஷயம்போலத் தெரிந்து மதிப்பெண்ணைத் தின்பவை.

மனப்பாடமாக இருக்க வேண்டியவை: மேல் வலது 6 (நடுவிலிருந்து ஆறாவது பல்) என்பது பல்லுக்கு எண் கொடுக்கும் எஃப்.டி.ஐ. முறையில் 16, ஆனால் இங்குள்ள டாக்டர்கள் பலர் பாமர் (Palmer) என்ற இன்னொரு முறையில் சொல்வார்கள், இரண்டும் வேண்டும். ஈறு நிலையைச் சோதிக்கும் பி.பி.இ. ப்ரோபின் கறுப்புப் பட்டை 3.5 முதல் 5.5 மில்லிமீட்டர், பட்டை ஈறுக்குள் பாதி மறைந்தால் குறியீடு 3, முழுக்க மறைந்தால் குறியீடு 4. கருவிகளை நீராவியில் கிருமிநீக்கும் ஆட்டோக்ளேவ் 134 முதல் 137 டிகிரி, குறைந்தது 3 நிமிஷம். நாற்காலியின் தண்ணீர்க் குழாயை நாள் தொடங்கும்போதும் முடியும்போதும் 2 நிமிஷம், ஒவ்வொரு நோயாளிக்கும் இடையே 20 முதல் 30 விநாடி ஓடவிட வேண்டும். அவசர மருந்துப் பெட்டியில் அனஃபிலாக்ஸிஸுக்கு (உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை) அட்ரினலின் 500 மைக்ரோகிராம் தசையில், நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் அடிக்கும் ஜி.டி.என். ஸ்ப்ரே, மாரடைப்பு என்று சந்தேகித்தால் ஆஸ்பிரின் 300 மில்லிகிராம். இதெல்லாம் புத்தகத்தில் படிப்பதைவிட உங்கள் சர்ஜரியின் பெட்டியைத் திறந்து பார்த்தால் சீக்கிரம் ஏறும்.

அனுபவப் பதிவேட்டுக்கு சாட்சிக் கையெழுத்தை அன்றன்றே வாங்கிவிடுங்கள். டாக்டர்கள் சர்ஜரி மாறிக்கொண்டே இருப்பார்கள். போனவரைத் தேடிப்பிடித்துப் பழைய பக்கத்துக்குக் கையெழுத்து வாங்குவது பெரும்பாடு.

லெஸ்டர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. 3 வருஷ விதி தெரியவே தெரியாது. வேலை கிடைப்பதற்கு முன் வீட்டிலிருந்தே செய்து வைக்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா? தோழி விஷயமும் சொல்லுங்கள்.

நாற்காலி ஓரம்:

தோழிக்கு: முடியாது. வெளிநாட்டு பல் மருத்துவப் பட்டத்தை வைத்து டென்டல் நர்ஸ், ஹைஜீனிஸ்ட், தெரபிஸ்ட் என்று பதிவு செய்யும் வழி 2023 மார்ச் 8 அன்று சட்டம் மாறியதோடு மூடிவிட்டது. பழைய பதிவுகளையும் வீடியோக்களையும் பார்த்து இன்னும் பலர் விண்ணப்பிக்கிறார்கள். டென்டிஸ்டாகப் பதிவு பெற, வெளிநாட்டில் படித்தவர்களுக்கான ஓ.ஆர்.இ. தேர்வு எழுதும் வழி தனி. அதற்குக் காத்திருக்கும் நேரத்தில் சர்ஜரியில் நிற்க வேண்டுமென்றால், உங்களைப் போலவே அங்கீகாரமுள்ள டென்டல் நர்சிங் கோர்ஸில் சேர்ந்து ட்ரெய்னியாக நிற்கலாம். பி.டி.எஸ். இருக்கிறது என்பதற்காக ட்ரெய்னி செய்யக்கூடாத எதையும் அவர் நோயாளியின் வாயில் செய்யக்கூடாது. "நீங்கள்தான் டாக்டராயிற்றே, கொஞ்சம் ஸ்கேலிங் செய்துவிடுங்கள்" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடச் சொல்லுங்கள். மாட்டினால் பின்னால் வரவேண்டிய டென்டிஸ்ட் பதிவும் போகும்.

உங்களுக்கு, இன்றைக்கே தொடங்க வேண்டியது ஹெபடைட்டிஸ் பி ஊசி. வழக்கமான அட்டவணை 0, 1, 6 மாதம். கடைசி ஊசிக்கு 1, 2 மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்பு அளவு பார்க்க வேண்டும். ஆக 8 மாதம் வரை இழுக்கும். 0, 1, 2 மாத வேக அட்டவணையும் உண்டு, அதற்கு 12-ஆம் மாதம் இன்னொரு ஊசி. அளவு 100-க்கு மேல் வந்தால் நிம்மதி. 10-க்கும் 100-க்கும் இடையே நின்றால் மேலும் ஒரு ஊசி. "முதல் ஊசி போட்டாயிற்று" என்று காகிதத்தோடு நேர்காணலுக்குப் போகும் ட்ரெய்னிக்கும் ஒன்றும் தொடங்காதவருக்கும் வித்தியாசம் தெரியும். குழந்தைப் பருவத் தடுப்பூசி அட்டை ஊரில் இருந்தால் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், எம்.எம்.ஆர். (தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா ஊசி) பற்றிக் கேட்பார்கள்.

வடலி:

அதோட உங்கட டிகிரி, பிளஸ் டூ மார்க்‌ஷீட்டுகளுக்கு யு.கே. ஈனிக் கடிதம் (வெளிநாட்டுப் படிப்பு இங்க எதுக்குச் சமன் எண்டு சொல்லுற கடிதம்) எடுத்து வையுங்கோ. ஜி.சி.எஸ்.இ. (இங்க 16 வயசில் எழுதுற பள்ளிச் சோதனை) ஆங்கிலம், கணக்குக்குச் சமன் எண்டு காட்டச் சில பயிற்சி நிலையங்கள் கேட்கும், சிலது தங்கட சோதனை ஒண்டை வைக்கும். எது வேணும் எண்டு முதலே கேளுங்கோ, ஈனிக்குக்கு வீணா காசு கட்டாமல்.

சர்ஜரிகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுவிட்டு இருக்காதேங்கோ. சி.வி.யோட நேரே போய் ப்ராக்டிஸ் மனேஜரைக் கேளுங்கோ, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போங்கோ, காலமை 9 மணிக்குப் போனால் ஆரும் கதைக்க மாட்டினம். சி.வி.யில் முதல் வரியிலேயே மூண்டு விஷயம்: வேலை செய்ய விசா அனுமதி இருக்கு, ஹெபடைட்டிஸ் பி ஊசி தொடங்கியாச்சு, கோர்ஸ் கட்டணத்தைப் பற்றிக் கதைக்கத் தயார்.