'ஓகா' அணுகுண்டு பீரங்கி தோற்றது யார் தப்பால்?

இரும்புக்குழல்:
சோவியத்தின் '2பி1 ஓகா' பற்றிப் பேசலாமா? 1957 நவம்பர் 7 அன்று செஞ்சதுக்க அணிவகுப்பில் போன ராட்சத மோர்ட்டார் வண்டி. குழலின் வாய் 420 மி.மீ., நீளம் கிட்டத்தட்ட 20 மீட்டர். 750 கிலோ குண்டை 45 கி.மீ. வரை எறியும். வண்டி எடை 55 டன். நாலே நாலுதான் கட்டினார்கள், 1960-இல் திட்டத்தையே மூடிவிட்டார்கள். அப்போதைய சோவியத் தலைவர் குருஷ்சேவ் ஏவுகணை பக்கம் சாய்ந்ததால் ஒரு நல்ல ஆயுதம் வீணாயிற்று என்று பலரும் எழுதுகிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவ்வளவு பெரிய குழலுக்குப் பின்னுதைப்பை, அதாவது சுடும்போது பின்பக்கம் தள்ளும் உதையை, வாங்கிக்கொள்ளும் பொறியே வைக்கவில்லை. சோதனையில் சுட்டபோது கியர்பாக்ஸ் பிடிமானத்தை விட்டுப் பெயர்ந்தது, டிராக்கை (சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டையை) இழுக்கும் பல்சக்கரங்கள் சேதமாயின. இது வடிவமைத்தவர்களின் தப்பு.

வடகரை:
பொறி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அதே அணிவகுப்பிலேயே பதில் இருக்கிறது நண்பரே. '2ஏ3 கொண்டென்சதோர்' என்ற இன்னொரு பீரங்கி வண்டி, வாய் 406 மி.மீ. அதுவும் லெனின்கிராட் கீரோவ் ஆலையின் வண்டிதான், அதுவும் டி-10 டாங்கியின் உறுப்புகளை வைத்துக் கட்டியதுதான். அதில் பின்னுதைப்புப் பொறி உண்டு. எடை 64 டன்னுக்கு ஏறியது, தூரமோ 25.6 கி.மீ.தான். அதுவும் நாலோடு நின்றது.

தப்பு, இப்படி ஓர் ஆயுதம் வேண்டும் என்று கேட்டவர்கள் மேல். 1953 மே 25 அன்று அமெரிக்கா நெவாடா பாலைவனத்தில் 280 மி.மீ. பீரங்கியால் 15 கிலோடன் அணுகுண்டைச் சுட்டுக் காட்டியது. நமக்கும் ஒன்று வேண்டும் என்றது மாஸ்கோ. ஆனால் அவர்களிடம் அணுகுண்டு அந்த அளவுக்குச் சிறுக்கவில்லை. குண்டு எவ்வளவு பருமனோ குழலும் அவ்வளவு பருமன். இதில் பொறியாளர் கையில் என்ன இருக்கிறது?

ரிக் மெக்கானிக்:
எனக்கு ராணுவம் தெரியாது, வண்டி தெரியும். திருச்செங்கோட்டில் 22 வருடமாக போர்வெல் லாரிகளுக்கு வேலை செய்கிறேன். துளை போடும் முன் நாலு ஜாக்கியையும் இறக்கி, டயரில் பாரம் விழாமல் பார்த்துக்கொள்வோம். ஒருமுறை ஒரு வண்டி ஈர மண்ணில் ஒரு பக்க ஜாக்கி புதைந்த நிலையிலேயே இரவு முழுக்க ஓடியிருந்தது. கழற்றிப் பார்த்தால் கியர்பாக்ஸ் தாங்கியின் போல்ட் ஓட்டைகள் எல்லாம் முட்டை வடிவத்துக்கு இழுபட்டிருந்தன. இந்த ஓகா செய்தியைப் படித்ததும் அந்த ஓட்டைகள்தான் கண்ணில் நின்றன. ஓடுவதற்கான உறுப்பு மேல் வேலை செய்யும் அடி விழக்கூடாது. அதனால் இரும்புக்குழல் தம்பி சொல்வது சரி.

வடகரை:
அண்ணே, அந்த அடி எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடுவோம். குண்டு 45 கி.மீ. போக, காற்றுத் தடையே இல்லை என்று வைத்தாலும் விநாடிக்கு 660 மீட்டர் வேகம் வேண்டும். 750 கிலோவை அந்த வேகத்தில் தள்ளினால் 55 டன் வண்டிக்கு எதிர்ப்பக்கம் கிடைப்பது விநாடிக்கு 9 மீட்டர், அதாவது மணிக்கு 32 கி.மீ. நின்ற வண்டிக்கு நொடிப்பொழுதில் அந்த வேகம்! குழல் மேல்நோக்கி இருப்பதால் அதில் ஒரு பங்கு நேரே தரையில் இறங்கும். எந்த ஜாக்கி தாங்கும்?

இரும்புக்குழல்:
கணக்கு சரிதான். ஆனால் அது எனக்குச் சாதகமான கணக்கு. 32 கி.மீ. வேகம் வரும் என்று கட்டியவர்களுக்குத் தெரியாதா? தெரிந்தும் குழலை உடம்போடு பிணைத்தார்கள். பின்னால் வந்த 'பியோன்' என்ற சோவியத் பீரங்கி வண்டியைப் பாருங்கள். பின்பக்கம் பெரிய தகடு ஒன்று இறங்கி மண்ணில் ஊன்றிக்கொள்ளும், பின்னுதைப்புப் பொறியும் உண்டு. இன்றும் களத்தில் இருக்கிறது.

வடகரை:
பியோன் எறிவது 110 கிலோ குண்டு, வாய் 203 மி.மீ. அப்படியும் 46 டன். ஓகாவின் குண்டு அதைப்போல ஏழு மடங்கு! 1963-க்குள் அமெரிக்கர்கள் 155 மி.மீ. குழலுக்கே அணுகுண்டு செய்துவிட்டார்கள். குண்டு சிறுத்ததும் 420 மி.மீ. குழலுக்கு வேலையே இல்லை. இன்னொன்று, ஓகா ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறைதான் சுடும். அந்த நீளக் குழலோடு ஊர்த் தெருவில் திரும்பவும் முடியாது. அதே 45 கி.மீ.க்கு சோவியத்தின் 'லூனா' ராக்கெட் வந்துவிட்டது. ராக்கெட்டுக்குப் பின்னுதைப்பே கிடையாது.

இரும்புக்குழல்:
சரி, 420 மி.மீ. கேட்டது மேலிடத்தின் தப்பு, அதை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் கியர்பாக்ஸ் பெயர்ந்ததற்கு மேலிடம் பொறுப்பாகாது. அது வரைபடத்திலேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

ரிக் மெக்கானிக்:
ஒரு ஓகா செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பீரங்கி அருங்காட்சியகத்தில் நிற்கிறதாமே. யாராவது போனால் குழலை மட்டும் படம் எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். குனிந்து அடிப்பக்கம் பாருங்கள், கியர்பாக்ஸ் தாங்கியில் பிற்பாடு வைத்த வெல்டிங் தெரிகிறதா என்று. தெரிந்தால் அந்தப் படத்தை இங்கே போடுங்கள்.