பொருள்: ஸ்பிரெடர் கிராஃப்ட் தமிழில்? (ஒப்புதல் படிவத்துக்கு)

பாளையங்கோட்டை, மூக்கு அறுவை மருத்துவர்:
மூக்கில் முன்பே அறுவை செய்து, அதன்பின் மூச்சுக்குத் திணறுகிறவர்களுக்கான படிவம் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்தான் பாக்கி. மூக்கு மேட்டைச் சீவும்போது மேல்பக்கக் குருத்தெலும்புகள் மூக்குத்தண்டை (இரு துளைகளையும் பிரிக்கும் நடுச்சுவரை) விட்டுப் பிரியும். திரும்பப் பிணைக்காவிட்டால் உள்ளே சரியும். தண்டுக்கும் அவற்றுக்கும் இடையே 10 முதல் 15 பாகை இருக்கவேண்டிய கோணம் குறுகும். கன்னத்தை வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்தால் மூச்சு லேசாகும்; அதுவே இதற்கு அடையாளம். சரிசெய்ய, தண்டுக்கும் அந்தக் குருத்தெலும்புக்கும் நடுவே 1 முதல் 3 மி.மீ. தடிமனுள்ள குருத்தெலும்புப் பட்டையை வைத்துத் தைப்போம். 1984-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஷீன் விவரித்த முறை. இந்தப் பட்டைதான் ஸ்பிரெடர் கிராஃப்ட். இதற்குத் தமிழில் பெயர் சொல்லுங்கள்.

தென்காசி, தமிழாசிரியர்:
அகற்று ஒட்டு. அகல் (விரி) தன்வினை, அகற்று (விரியச்செய்) பிறவினை. ஒட்டு, ஒட்டுமாங்கன்றிலேயே இருக்கிறது.

பாளையங்கோட்டை:
அண்ணாச்சி, அதே படிவத்தில் 'பழைய தழும்புத்திசு அகற்றப்படும்' என்று வருகிறது. வைக்கிற ஒட்டையும் எடுத்துவிடுவார்கள் என்றல்லவா படிப்பார்கள்?

தென்காசி:
வழக்கில் பொருள் சுருங்கியது சொல்லின் குற்றமில்லை. சரி, விரிப்பொட்டு.

அம்பாசமுத்திரம், மொழிபெயர்ப்பாளர்:
உகரம் கெட்டுப் புணர்வது இலக்கணப்படி சரி. ஆனால் கண்ணுக்கு 'பொட்டு' என்றுதான் படும். பிரித்து எழுதினாலோ விரிப்பு படுக்கைக்குப் போய்விடும். 'இடைச்செருகு ஒட்டு' என்றால் எங்கே வைக்கிறார்கள் என்பதே தெரியும்.

தென்காசி:
இடைச்செருகல் என்றால் மூலபாடத்தில் பிறர் நுழைத்த பாட்டு. பதிப்பாசிரியர்கள் தேடித்தேடிக் களைந்தது. அந்தப் பெயரை உடம்புக்குள் வைப்பதற்கு இடலாமா?

பாளையங்கோட்டை:
இது பிறர் பொருளில்லை, அவரவர் குருத்தெலும்பு. முதலில் மூக்குத்தண்டிலிருந்து எடுப்போம். ஆனால் முன்விளிம்பிலும் மேல்விளிம்பிலும் 10 மி.மீ. அகலமாவது விட்டுவைக்க வேண்டும், இல்லையேல் மூக்கு குழிந்துவிடும். இரண்டாம் அறுவைக்கு வருகிறவர்களிடம் அங்கே பெரும்பாலும் மிச்சமிருக்காது. காதுமடலில் எடுத்தால் மென்மை, வளைவு. விலா உறுதியானது, ஆனால் செதுக்கியபின் முறுக்கிக்கொள்ளும். உப்புநீரில் போட்டு வளைவைப் பார்த்த பிறகே வைப்போம். ஆகவே எங்கிருந்து எடுத்தது என்பதும் பெயரோடு வரவேண்டும்: விலா இடைச்செருகு ஒட்டு.

அம்பாசமுத்திரம்:
அந்தக் கோணத்துக்கு 'வால்வு' என்று போட்டிருக்கிறீர்களே, படிக்கிறவர் இதயத்தை நினைத்துப் பயப்படுவார். 'மடை' என்று வைக்கலாம். தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் எல்லாருக்கும் தெரிந்த சொல். இதயத்தில் இருப்பதுபோல இங்கே திறந்து மூடும் இதழும் கிடையாதே.

தென்காசி:
மடை நல்ல சொல், முழுமனதோடு ஏற்கிறேன். 'மென்மை மூக்கு' என்று மெல்லின எழுத்துகளுக்கு மூக்கைப் பிறப்பிடமாக வகுத்த மொழிக்கு மூக்குள்ளே ஓடும் காற்றுவழிக்குப் பெயரில்லாமல் போகக்கூடாது.

பாளையங்கோட்டை:
வால்வு என்றே மற்ற மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கிறார்கள். மடை (வால்வு) என்று போடுகிறேன். இன்னொரு வரியும் சேர்க்கிறேன்: டர்பினேட்டை (மூக்கின் உள்பக்கச் சுவரில் புடைத்திருக்கும் மடிப்பை) அளவுக்கு மீறி வெட்டியதால் வரும் அடைப்புணர்வுக்கு இந்த ஒட்டு உதவாது, முந்தைய அறுவை முடிந்து ஏறத்தாழ ஓராண்டாவது பொறுத்து, வீக்கம் முழுதும் வற்றியபின் செய்வதே வழக்கம்.

அம்பாசமுத்திரம்:
இடைச்செருகு ஒட்டுக்கு என் ஒப்புதல். மெய்ப்பு அனுப்புங்கள்.

தென்காசி:
நேரமில்லை என்பதால் தடுக்கவில்லை. அடுத்த பதிப்பில் 'அகற்று ஒட்டு' அடைப்புக்குறிக்குள்ளாவது வரவேண்டும்.