ஆரஞ்சு: முன்னால் இருந்த 'ந' எங்கே போனது?

சொல்தேடி:
ஆங்கில 'ஆரஞ்ச்' நம்ம நாரத்தைக்குச் சொந்தம் என்கிறார் நண்பர் ஒருவர். இந்தியில் நாரங்கி, ஸ்பானிஷில் நரான்ஹா, எல்லாவற்றிலும் ந இருக்கிறது, ஆங்கிலத்தில் மட்டும் காணோம். 'எ நாரஞ்ச்' என்று சொல்லிச் சொல்லியே 'ஆன் ஆரஞ்ச்' ஆகிவிட்டது என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். சரிதானா? மூலம் தமிழ் என்று சொல்லிவிடலாமா?

வேர்ப்பலா:
அந்த விளக்கம் ஆங்கிலத்துக்குப் பொருந்தாது. ந அங்கே வந்து சேருவதற்கு முன்பே தொலைந்துவிட்டது. சமஸ்கிருத நாரங்க, பாரசீக நாரங், அரபு நாரஞ்ச், அப்புறம் ஸ்பெயினும் இத்தாலியும் என்று போகிறது வழி. இத்தாலியனில் 'ஒரு' என்பதற்கு 'உனா', அதன் பின்னால் வரும் ந எந்தச் சொல்லுடையது என்று காதுக்குப் பிடிபடாமல் போய் 'அரான்சா' நிலைத்தது. பழைய பிரெஞ்சில் 'ஒரெஞ்ச்', பொன்னைக் குறிக்கும் 'ஓர்' என்ற சொல்லின் சாயலும் அதில் ஏறியிருக்கலாம் என்பார்கள். ஆங்கிலேயர் வாங்கியது இதைத்தான். ஆங்கிலத்திலேயே ந உதிர்ந்த சொற்கள் வேண்டுமானால் ஏப்ரன், அம்பயர் இரண்டையும் பாருங்கள், இரண்டுமே முன்பு ந-வில் தொடங்கியவை. 'நிக்நேம்' நேர் எதிர்: 'ஆன் ஈக்நேம்' என்பதிலிருந்து ந-வைப் பிடுங்கிக்கொண்டது.

மலைத்தோட்டம்:
மூலம் பற்றி: சமஸ்கிருதத்துக்கு அது திராவிட மொழி ஒன்றிலிருந்து போயிருக்க வேண்டும் என்பதே பெரும்பாலான அகராதிகளின் கருத்து. ஆனால் 'திராவிடம்' என்பதைத் 'தமிழ்' என்று மாற்றி எழுதிப் பரப்புவது எனக்கு உடன்பாடில்லை. மலையாளத்தின் நாரங்ங, தெலுங்கின் நாரிஞ்ச இரண்டும் நாரத்தையைவிட அந்த வடிவத்துக்கு நெருக்கமாகவே நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பழைய சொல் என்று சொல்வதுதான் நேர்மை.

இன்னொன்று, அரபு வணிகர்கள் மேற்கே கொண்டுபோன நாரஞ்ச் கசப்பு ஆரஞ்சு. இனிப்பு வகை ஐரோப்பாவில் பரவலானது பிற்பாடு, போர்த்துகீசியர் வணிகத்தால். அதனால்தான் இனிப்புப் பழத்துக்கு அரபியில் புர்துகால், துருக்கியில் போர்த்தகால், கிரேக்கத்தில் போர்த்தோகாலி என்று நாட்டின் பெயரே ஒட்டிக்கொண்டது. பாரசீகத்தில் இன்றும் நாரெஞ்ச் என்றால் கசப்புப் பழம்தான்.

சொல்தேடி:
அருமை, இருவருக்கும் நன்றி. நிறத்தின் பெயர் முதலா, பழத்தின் பெயர் முதலா?

வேர்ப்பலா:
பழம்தான். நிறத்துக்கு அந்தப் பெயர் ஆங்கிலத்தில் வந்தது 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதற்கு முன் மஞ்சள்-சிவப்பு என்று சேர்த்துச் சொன்னார்கள், இல்லையென்றால் வெறும் சிவப்பு. ராபின் பறவையின் நெஞ்சு நல்ல ஆரஞ்சு நிறம், ஆனால் பெயர் இன்றும் 'ரெட்பிரெஸ்ட்'.