யூனிக்ஸ் பழக எந்த ஓஎஸ்? ஃப்ரீபிஎஸ்டி போட்டேன், கறுப்புத் திரைதான் வருகிறது

குரோம்பேட்டை மாணவி:
வணக்கம். பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டர் லேபில் யூனிக்ஸ் கட்டளைகள், ஷெல் புரோகிராம் இருக்கின்றன. வீட்டில் பழகலாம் என்று அக்காவின் பழைய அரசு மடிக்கணினியை எடுத்தேன், 2 ஜிபி ராம். "லினக்ஸ் எல்லாம் நகல், அசல் வேண்டுமானால் ஃப்ரீபிஎஸ்டி போடு" என்றார் சீனியர் ஒருவர். ராத்திரி முழுக்க உட்கார்ந்து போட்டேன். ஆன் செய்தால் வெள்ளை எழுத்துகள் ஓடி, 'லாகின்' கேட்கிறது. பாஸ்வேர்டு கொடுத்தால் ஒரு டாலர் குறி, அவ்வளவுதான். மெனு இல்லை, வைஃபை இல்லை. எங்கே தப்பு செய்தேன்?

பழைய அட்மின்:
தப்பே இல்லைம்மா, சரியாகத்தான் போட்டிருக்கிறாய். ஃப்ரீபிஎஸ்டி அப்படித்தான் வரும், டெஸ்க்டாப்பை நாம்தான் பிறகு ஏற்ற வேண்டும். அந்த டாலர் குறிதான் ஷெல், நீ கட்டளை அடிக்கும் இடம்.

சீனியர் சொன்னதில் பாதி உண்மை. 1969-ல் பெல் லேப்ஸில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ், பெர்க்லி பல்கலைக்கழகம் வழியாகக் கிளைத்து வந்ததுதான் ஃப்ரீபிஎஸ்டி. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் புதிதாக எழுதியது. ஆனால் உன் லேபுக்கு இந்தக் குலம் கோத்திரம் எதற்கு?

லேப் ஸ்கிரிப்டின் முதல் வரியைப் பார். அநேகமாக 'பின்' டைரக்டரியில் இருக்கும் பேஷ் என்ற ஷெல்லைக் கூப்பிடும். ஃப்ரீபிஎஸ்டியோடு பேஷ் வருவதில்லை. தனியாக நிறுவினாலும் 'யூஎஸ்ஆர்', 'லோக்கல்' என்று இரண்டு வாசல் தாண்டி இன்னொரு 'பின்'னில் போய் உட்காரும். லேபில் ஓடியது வீட்டில் 'நாட் ஃபவுண்ட்' என்னும், நீ உன் புரோகிராமில் தப்பு தேடிக்கொண்டிருப்பாய். ராம் எவ்வளவு என்று பார்க்கும் 'ஃப்ரீ' கட்டளையும் அங்கே கிடையாது.

அதனால் லினக்ஸ் வகையான டெபியன் போடு. இன்ஸ்டாலர் டெஸ்க்டாப் கேட்கும்போது இலகுவான எல்எக்ஸ்கியூடி-யை மட்டும் தேர்ந்தெடு, கனமான க்னோமைத் தொடாதே. 2 ஜிபிக்கு அது தாங்காது.

வேளச்சேரி வாசகர்:
விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போட்டால் வேலை முடிந்ததே?

பழைய அட்மின்:
நல்ல கணினி என்றால் அதைத்தான் சொல்லியிருப்பேன் சார். 2 ஜிபியில் விண்டோஸே மூச்சு வாங்கும்.

தரமணி:
ஒரு சந்தேகம். அரசு மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்திருக்குமே? இங்கே சென்னையில், மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தில் உருவானது, அடித்தளம் டெபியன்தான். பூட் மெனுவில் பார்த்தீர்களா?

குரோம்பேட்டை மாணவி:
இருந்தது அண்ணா. என்னவென்று தெரியாமல் டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டேன். 🤦

(இரண்டு நாள் கழித்து)
டெபியன் போட்டாயிற்று, டெஸ்க்டாப் வந்துவிட்டது. வைஃபை மட்டும் இன்னும் இல்லை. ஹார்டுவேர் பட்டியல் காட்டும் எல்எஸ்பிசிஐ கட்டளை அடித்தால் 'பிராட்காம் பிசிஎம்43142' என்கிறது.

பழைய அட்மின்:
அந்த சிப் எப்போதும் தகராறுதான். டிரைவர் திறந்த மூலம் இல்லை, அதனால் இன்ஸ்டாலரோடு வராது. போனை யூஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் ஆன் செய், போனின் நெட் கணினிக்கு வரும். பாக்கேஜ் எங்கிருந்து வரும் என்று சொல்லும் சோர்ஸஸ் ஃபைலில் கான்ட்ரிப், நான்-ஃப்ரீ என்ற இரண்டு பிரிவுகளையும் சேர்த்து ஆப்ட் அப்டேட் கட்டளை கொடு. பிறகு உன் கெர்னலுக்கான ஹெடர் பாக்கேஜையும் பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ் என்ற டிரைவர் பாக்கேஜையும் நிறுவி ரீபூட் செய். ஹெடர் இல்லையென்றால் டிரைவர் கம்பைல் ஆகாது, பலர் வழுக்கி விழுவது அங்கேதான்.

பிரவுசர் திணறினால் சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் பழைய லேப்டாப் ராம் தேடிப் பார். இருக்கும் ராமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோ, டிடிஆர் எண் மாறினால் ஸ்லாட்டில் பொருந்தாது. (டென்னிஸ் ரிச்சிக்கும் அந்தத் தெருவுக்கும் சம்பந்தமில்லை, என் மாணவர்கள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.)

குரோம்பேட்டை மாணவி:
வைஃபை வந்துவிட்டது, ரொம்ப நன்றி சார்! ஒன்றே ஒன்று: ஸ்கிரிப்டில் 'ஏ = 5' என்று எழுதினால் 'ஏ: கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்கிறது. இதற்கும் ஏதாவது பாக்கேஜ் போட வேண்டுமா?

பழைய அட்மின்:
வேண்டாம்மா. சமக்குறியின் இரண்டு பக்கமும் இடைவெளி விடாமல் எழுது.