பொங்கல் பானைக்குள் தலையை விட்ட ஆடு: பால் வெள்ளாடு வளர்ப்போர் அனுபவங்கள்

உடுமலைப்பேட்டையிலிருந்து, ஒன்பது தலைச்சேரி ஆடுகள்

மாட்டுப் பொங்கலன்று ஆடுகளுக்கும் ஒரு கை பொங்கல் ஊட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். இரண்டு வருடத்துக்கு முன், பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து, மூத்த ஆடு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு போய் ஆறிய பானைக்குள் தலையை விட்டுவிட்டது. வழித்துத் தின்றிருந்த பானையைப் பார்த்துச் சிரித்தோம்.

மறுநாள் விடியும்போது ஆடு காதைத் தொங்கப்போட்டு, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு மூலையில் நின்றது. அசை போடவில்லை. புழுக்கை இல்லை, புளித்த வாடையோடு கூழாகக் கழிந்தது. ஒன்றே கால் லிட்டர் கறக்கிற ஆடு, அன்று அரை டம்ளர்கூடத் தரவில்லை.

கால்நடை மருத்துவர் இடது விலாப் பள்ளத்தில் கை முட்டியை அழுத்தி வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல ஆடென்றால் முதல் வயிறு நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை அந்தக் கையைத் தள்ள வேண்டுமாம். மூன்று நிமிடம் ஆகியும் அசைவில்லை. சோறு வேகமாகப் புளித்து அமிலம் ஏறினால், நாரைச் செரிக்கிற நுண்ணுயிர்கள் செத்துவிடும் என்றார். சமையல் சோடாவைக் கரைத்துப் புகட்டி, ஊசி போட்டு, நான்கு நாளைக்குத் தவிடே காட்டாமல் காய்ந்த கடலைக்கொடி மட்டும் கொடுக்கச் சொன்னார். ஆடு பிழைத்துக்கொண்டது. பழைய அளவுக்குப் பால் வரப் பதினெட்டு நாள் ஆயிற்று.

அந்த அவசரத்தில்தான், பால் கூட்டும் டானிக் என்று ஒரு கடையில் தந்த சிவப்புத் திரவத்தை வாங்கித் தினம் 20 மில்லி ஊற்றினேன். பால் ஏற ஏற டானிக்கைப் புகழ்ந்துகொண்டிருந்தேன். என் மகள் கறவை அளவைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைப்பவள். டானிக்கை நாக்கில்கூடத் தொடாத பக்கத்து ஆட்டுக்கும் அதே நாட்களில் 150 மில்லி கூடியிருந்ததை அவள் காட்டினாள். இரண்டுக்கும் பொதுவாகப் புதிதாகக் கிடைத்தது கடலைக்கொடி ஒன்றுதான். அதுவரை நான் தவிட்டையும் மக்காச்சோளத்தையும் கொட்டிக்கொண்டு, கொடியை எருமைக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது கொடியும் தழையும் முதலில். வயிறு பாதி நிறைந்த பிறகுதான் தவிடு, மக்காச்சோளம் மாதிரியான அடர்தீவனம். கறக்கிற பாலில் லிட்டருக்கு 400 கிராம் கணக்கு, காலை மாலை பிரித்து. தழைக்கு வேலிமசால், அகத்தி, கிளைரிசிடியா. கடையில் வாங்குவது தாது உப்புக் கலவை மட்டுமே, ஆட்டுக்கு நாளொன்றுக்கு 10 கிராம். அதைத் தவிட்டில் தண்ணீர் தெளித்துப் பிசறிக் கொடுங்கள். உலர்வாகத் தூவினால் உப்பை மூக்கால் ஊதி ஒதுக்கிவிட்டுத் தவிட்டை மட்டும் தின்றுவிட்டுப் போய்விடும். அத்தனை நாசூக்கு!

பொள்ளாச்சியிலிருந்து

ஐயா, டானிக் விஷயம் சரி. ஆனால் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுக் கழிக்க வேண்டாம். மக்காச்சோளம் அதிகம் வைக்கும் காலத்தில் அடர்தீவனம் 100 கிலோவுக்கு ஒரு கிலோ சமையல் சோடா கலக்கிறேன். கழிச்சல் குறைந்தது கண்கூடு. கால்நடைக்கென்று விற்கும் உயிருள்ள ஈஸ்ட்டும் கொடுத்துப் பார்த்தேன். தீவனம் மாற்றிய வாரங்களில் புழுக்கை உருண்டையாகவே இருந்தது. பாலில் பெரிய வித்தியாசம் இல்லை.

நான் அடிபட்டது சவுண்டல் (சூபாபுல்) மரத் தழையில். புரதம் நிறைய என்று கேள்விப்பட்டு, ஒரு கோடையில் வேறு தழையே இல்லாமல் அதையே வெட்டிப் போட்டேன். மூன்றாவது வாரம் தடவினால் முடி கையோடு வந்தது. அதிலுள்ள மைமோசின் என்ற நச்சுதான் காரணம். இப்போது தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடுவதில்லை.

இதில் ஒரு சுவையான சேதி உண்டு. ஆஸ்திரேலியாவில் சவுண்டல் தின்ற மாடுகள் நோயுற்றபோது, ஹவாய்த் தீவின் ஆடுகள் அதையே தின்றும் நன்றாக இருப்பதை ரேமண்ட் ஜோன்ஸ் என்ற அறிவியலாளர் கவனித்தார். அந்த ஆடுகளின் வயிற்றில் அந்த நஞ்சைச் சிதைக்கும் நுண்ணுயிர் இருந்தது. ஆஸ்திரேலிய மாடுகளுக்கு அதைப் புகட்டியதும் அவை தேறின. 1992-இல் அதற்கு அவர் பெயரைச் சேர்த்தே சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சி என்று பெயர் வைத்தார்கள். ஆட்டின் வயிற்றிலிருந்து எடுத்த மருந்து!

கோத்தகிரியிலிருந்து

அண்ணா, நான் வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தேன். கொஞ்சம் கூடியதுபோலத்தான் இருந்தது. ஆனால் குழந்தைக்குப் பால் வாங்கும் வீட்டுக்காரர், "பாலில் கசாய வாடை அடிக்கிறது" என்று சொம்போடு திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றோடு நிறுத்திவிட்டேன். எனக்குப் பலன் தந்தது வெந்நீர் அடுப்புதான். மார்கழிக் குளிரில் தொட்டித் தண்ணீரை ஆடுகள் முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். வெதுவெதுப்பாக வைத்ததும் வாளி காலியானது, பாலும் கூடியது.

ஒரு சந்தேகம். நீங்கள் சொன்ன தாது உப்பை எங்கள் நான்கு செம்மறிகளுக்கும் சேர்த்தே வைக்கலாமா?

உடுமலைப்பேட்டையிலிருந்து

வைக்காதீர்கள் அம்மா. வெள்ளாட்டுக்குத் தாமிரம் கூடுதலாகத் தேவை. அதற்கான கலவையில் உள்ள தாமிரம் செம்மறியின் கல்லீரலில் சேர்ந்து நஞ்சாகிவிடும். செம்மறிக்கென்றே தனிக் கலவை கிடைக்கும், பையில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். தீவனத் தொட்டியையும் தனியாக வையுங்கள். என் வீட்டு ஆடு பானையையே விட்டுவைக்கவில்லை, தொட்டி எம்மாத்திரம்.