அப்பாவுக்கு ஸ்கேனில் சிலிகோசிஸ், மருந்து மட்டும் டிபிக்கு: தொழில்நோய் என்று பதிய வைப்பது எப்படி?

கேள்வி: சிங்கை_மகள்

வணக்கங்க. அப்பாவுக்கு 50 வயது. கோவையில் பவுண்டரி வேலை, உலோகத்தை உருக்கி வார்க்கும் பட்டறை. பம்ப் பாடி காஸ்டிங் வரும் இடம். சின்ன வயதில் நாக்-அவுட்டில், அதாவது வார்த்து முடித்த அச்சு மண்ணை உடைத்து எடுக்கும் வேலையில் இருந்தார். அப்புறம் முழுக்க ஃபெட்லிங்தான், வார்ப்பில் ஒட்டிய மண்ணையும் பிசிறையும் கையில் கிரைண்டரோடு தேய்த்து எடுப்பது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. முதல் இரண்டு பவுண்டரியில் காண்ட்ராக்ட், எந்தப் பிடித்தமும் கிடையாது. இப்போது பெயர் இருக்கும் இடத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு), பிஎஃப் இரண்டும் உண்டு.

இரண்டு தடவை டிபி மருந்து முழுசாகச் சாப்பிட்டு முடித்துவிட்டார். இரண்டு தடவையும் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை, எக்ஸ்ரேயைப் பார்த்துத்தான் மருந்து கொடுத்தார்கள். மூச்சு வாங்குவது குறையவே இல்லை. மாடிப்படி ஏற முடியவில்லை. வெளியே பணம் கட்டி சிடி ஸ்கேன் எடுத்தோம். 'சிலிகோசிஸ் ஆக இருக்கலாம், வேலை விவரத்தோடு சேர்த்துப் பார்க்கவும்' என்று எழுதிக் கொடுத்தார்கள். மணல் தூசியால் வரும் நுரையீரல் நோயாம் அது. அதைக் கொண்டுபோய்க் காட்டினால் இஎஸ்ஐ டிஸ்பென்சரியில் மறுபடியும் டிபி என்றே எழுதுகிறார்கள்.

கம்பெனியில் போய்க் கேட்டேன். சூப்பர்வைசர் 'உங்கப்பா பீடி குடிப்பார், அதான்' என்கிறார். வேலைச் சான்று கேட்டால் 'ஹெல்பர்' என்று மட்டும் எழுதித் தருவார்களாம். அந்தத் தூசியில் நின்று நின்று இப்படி ஆன மனுஷனைப் பார்த்து பீடி என்று சொல்வதை என்னால் தாங்க முடியவில்லை. மாதம் ஏதாவது வருமானம் வர வழி இருக்கிறதா? யாரிடம் போக வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: நெஞ்சக_மருத்துவர்

பீடி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். புகையால் நுரையீரல் கெடும், அது உண்மை. ஆனால் சிலிகோசிஸில் நுரையீரலின் மேல்பாதியில் வரும் அந்தச் சின்னச் சின்ன முடிச்சுகளை பீடி உண்டாக்காது. மணலில் இருக்கும் படிக சிலிகாத் தூள் உள்ளே போய்த் தங்கித்தான் அவை வரும். அப்பா பீடி குடித்தார் என்பதால் இந்த நோய் வேலையால் வந்ததில்லை என்று ஆகிவிடாது.

டிபியோடு குழம்புவது நாங்கள் அடிக்கடி பார்ப்பது. இரண்டுமே நுரையீரலின் மேல்பகுதியைப் பிடிக்கும். சிலிகா படிந்த நுரையீரலில் டிபி வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம். அதனால் 'டிபி இல்லை, சிலிகோசிஸ்தான்' என்று டாக்டரிடம் வாதாட வேண்டாம். 'இரண்டில் எது, அல்லது இரண்டும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்' என்று கேளுங்கள். இரண்டும் சேர்ந்த சிலிகோ-டிபியும் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது.

கையில் இருக்க வேண்டியவை பழைய எக்ஸ்ரே படங்கள் எல்லாம், சிடி படம் (ரிப்போர்ட் மட்டும் போதாது), மூச்சுத்திறன் சோதனை, சளி ரிசல்ட்கள். அடுத்த முறை போகும்போது எந்த வருஷம் எந்தப் பிரிவில் என்ன வேலை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அதை ஓபி சீட்டில் ஏற்றச் சொல்லுங்கள். பல சீட்டுகளில் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்றுதான் இருக்கும். அந்த ஒரு வரி பின்னாடி எவ்வளவு பெரிய இழப்பு என்பதை என் நோயாளிகளிடம் பார்த்திருக்கிறேன். இன்னொன்று. 2025 வரை இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 89-ஆம் பிரிவிலும், அதற்குப் பதிலாக வந்த 2020 தொழில்பாதுகாப்புத் தொகுப்பிலும் உள்ளபடி, பட்டியலில் உள்ள தொழில்நோயைக் கண்ட மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நாங்கள் பலர் அதைச் செய்வதில்லை. செய்யச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பதில்: பழைய_மோல்டர்

அம்மணி, நான் கோவை கணபதி பக்கம் பவுண்டரியில் மோல்டிங்கில், மண் அச்சு செய்யும் வேலையில் இருந்தவன். அப்புறம் சங்க வேலை. உங்கள் அப்பா மாதிரி ஆட்களோடு இயலாமையை அளந்து சொல்லும் மெடிக்கல் போர்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். மனதை விட வேண்டாம்.

சட்டம் உங்கள் பக்கம்தான். 1923-ஆம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டம், 1948 இஎஸ்ஐ சட்டம் இரண்டிலும் மூன்றாம் அட்டவணையில் சிலிகோசிஸ் பெயரோடு இருந்தது. இரண்டையும் 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு என்ற ஒரே சட்டத்துக்குள் சேர்த்து, 2025 நவம்பர் 21-இல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அதிலும் தொழில்நோய்ப் பட்டியல் உண்டு. பிரிவு எண்கள் மாறியிருக்கும், யாராவது 'பழைய சட்டம் போயாச்சு' என்றால் பயப்படாதீர்கள். பட்டியலில் உள்ள நோய், அதற்குரிய வேலை, குறித்த காலம் அந்த வேலையில் இருந்தது, இந்த மூன்றும் பொருந்தினால் அது வேலையில் நடந்த விபத்துக்குச் சமம். இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பாரம் எதிர்ப்பக்கம் போய்விடும். எனவே உங்கள் பாடு முழுக்க அந்த 'குறித்த வேலை' என்பதைக் காட்டுவதில்தான் இருக்கிறது. கம்பெனி 'ஹெல்பர்' என்று எழுதுவது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?

இப்போது இஎஸ்ஐ இருப்பதால் அங்கேதான் முதலில் போக வேண்டும். இஎஸ்ஐ-யில் பலன் வாங்கினால் அதே பாதிப்புக்கு முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது. ஆனால் நோய் நிரந்தரம் என்று போர்டு சொல்லிவிட்டால், சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போயிற்றோ அந்தக் கணக்கில் மாதாமாதம் ஆயுள் முழுக்க வரும். முழு இயலாமை என்றால் கூலியில் 90 சதவீதம். அப்பா இல்லாமல் போனாலும் குடும்பத்துக்கு வேறொரு பலன் உண்டு. வெறும் டிபி என்று பதிந்தால் நோய்க்கால உதவி மட்டும்தான், அதற்குக் காலக்கெடு உண்டு. அதனால்தான் அந்தப் பெயருக்கு இவ்வளவு சண்டை.

இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் மேலாளர் பெயருக்கு எழுத்தில் மனு கொடுங்கள். 'தொழில்நோய் என்று சந்தேகம், சிறப்பு மருத்துவ வாரியத்துக்கு அனுப்பவும்' என்று இருக்கட்டும். நகலில் சீல் வாங்காமல் வெளியே வராதீர்கள். சென்னை கே.கே. நகர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் தெற்குப் பகுதிக்கான தொழில்நோய் மையம் இருக்கிறது, அங்கே அனுப்பச் சொல்லி டிஸ்பென்சரி டாக்டரிடமும் கேளுங்கள். போர்டு குறைத்துச் சதவீதம் போட்டால் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது, நேராக இஎஸ்ஐ நீதிமன்றத்துக்கும் போகலாம்.

ஃபெட்லிங் வேலைக்கு ஆதாரம் எங்கே தேடுவது என்றால், கம்பெனிக்கு உள்ளேயே இருக்கிறது. பவுண்டரி என்பது பழைய தொழிற்சாலைகள் சட்டத்திலும் சரி, இப்போதுள்ள தொழில்பாதுகாப்புத் தொகுப்பிலும் சரி, முதல் அட்டவணையில் அபாயகரமான தொழில். அங்கே வேலை செய்பவர்களை வருஷத்துக்கு ஒரு முறை பரிசோதித்து உடல்நலப் பதிவு வைக்க வேண்டும், தொழிலாளி கேட்டால் காட்ட வேண்டும். அதைக் கேட்டு பதிவுத் தபால் போடுங்கள். தரவில்லை என்றால் அந்த மௌனத்தையே மனுவில் சொல்லலாம். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் எழுதி, தகவல் உரிமைச் சட்டத்தில் ஆய்வு அறிக்கையைக் கேளுங்கள். கூட வேலை செய்த இரண்டு பேர் நோட்டரியிடம் எழுதிக் கொடுத்தால் ரொம்ப பலம். வேலையில் இருக்கிறவன் பயப்படுவான், அவனைக் கட்டாயப்படுத்தாதீர்கள். வெளியே வந்துவிட்டவர்களைத் தேடுங்கள்.

பதில்: கரூர்_குவாரி

என் வீட்டுக்காரர் கல் குவாரியிலும் கிரஷரிலும் இருந்தார். இஎஸ்ஐ கிடையாது. மூன்று நாலு முதலாளி மாறியாச்சு. எங்களுக்கும் வழி இருக்கிறதா அண்ணா? வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது.

பதில்: பழைய_மோல்டர்

இருக்கிறதும்மா, ஆனால் நாளைத் தள்ளிப்போடாதீர்கள். இழப்பீடு கேட்க இரண்டு வருஷம்தான் கெடு. நோயால் வேலைக்குப் போகாமல் நின்ற முதல் நாளிலிருந்து கணக்கு. வேலையை விட்டபின் இரண்டு வருஷத்துக்குள் அறிகுறி தெரிந்தால், அது தெரிந்த நாளை விபத்து நடந்த நாளாக எடுத்துக்கொள்வார்கள். தக்க காரணம் சொன்னால் தாமதத்தை மன்னிக்கலாம் என்றும் இருக்கிறது, ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு.

பல முதலாளி என்பது தடையில்லை. ஒவ்வொருவரும் எவ்வளவு தர வேண்டும் என்று பங்கு பிரிக்க இந்த மனுவை விசாரிக்கும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. தொகையும் சின்னதல்ல. உதாரணத்துக்கு, 1923 சட்டக் கணக்குப்படி 50 வயதுக்கான காரணி, அதாவது வயதைப் பார்த்துப் பெருக்கும் எண், 153.09. கணக்கில் எடுக்கும் மாதக் கூலியின் உச்சவரம்பு 15,000 ரூபாய் என்று 2020-இல் வைத்தார்கள். முழு நிரந்தர இயலாமை என்றால் அதில் 60 சதவீதம், அதாவது 9,000, பெருக்கல் 153.09. வருவது 13,77,810 ரூபாய். பாதி இயலாமை என்றால் அந்த விகிதத்தில் குறையும்.

ராஜஸ்தானில் 2019-இல் இதற்கென்றே ஒரு கொள்கை போட்டார்கள். நோய்ச் சான்று கிடைத்தால் 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு இன்னும் 2 லட்சம், மாதம் 1,500 உதவித்தொகை. எந்த முதலாளி என்று காட்டச் சொல்வதில்லை. குஜராத்தில் குவார்ட்ஸ் கல்லைத் தூளாக்கும் ஆலைகளில் வேலை செய்து செத்துப்போன மத்தியப் பிரதேசக் கூலிகள் 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் கொடுக்கச் சொல்லி 2016-இல் உச்ச நீதிமன்றமே உத்தரவு போட்டது. நம் ஊர் குவாரித் தொழிலாளிக்கும் முதலாளியைத் தேடி அலையாமல் சான்றை வைத்தே பணம் கிடைக்க வேண்டும். அதை நாம் கூட்டமாகக் கேட்டால்தான் நடக்கும்.

சிங்கை_மகள்

எல்லோருக்கும் நன்றிங்க. மனு எழுதிவிட்டேன், திங்கள்கிழமை கொடுக்கிறேன். ஒன்று மட்டும் கேட்கணும். கம்பெனியில் 'முடியலைன்னா எழுதிக் கொடுத்துட்டு செட்டில்மெண்ட் வாங்கிக்கச் சொல்லு' என்கிறார்கள். அப்பா கையெழுத்துப் போடலாம் என்கிறார்.

பழைய_மோல்டர்

வேண்டாம் அம்மணி. ராஜினாமா, 'இனி எந்தப் பாக்கியும் இல்லை' என்கிற காகிதம், எதிலும் கையெழுத்து வேண்டாம். இஎஸ்ஐ-யில் சிகிச்சையும் நோய்க்கால உதவியும் ஓடும்போது வேலையை விட்டு எடுக்கக் கூடாது என்று சட்டமே தடுக்கிறது. கம்பெனிக்கு மெடிக்கல் லீவு சர்டிபிகேட்டை மட்டும் தபாலில் அனுப்பிக்கொண்டே இருங்கள். மனு கொடுத்துவிட்டு சீல் வைத்த நகலைப் படம் எடுத்து எனக்குத் தனிச்செய்தியில் போடுங்கள், போர்டுக்கு என்ன என்ன எடுத்துப்போவது என்று சேர்ந்து பார்க்கலாம்.